நர்சரி அணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மச்சினன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நல்ல பிள்ளைதான்; வாய்தான் கொஞ்சம் நீளம். தட்டு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டில் உப்பு முதல் என் தலையில் மிச்சமிருக்கும் முடி வரை எதையாவது பிடித்துக்கொண்டு ஓட்டுவான். எனக்கும் கேலி பிடிக்கும். நான் கோபக்காரன் இல்லை. நேற்று விசாரணையில் நீங்கள், யார் மேலாவது ஆத்திரமா என்று கேட்டீர்கள், மேடம். யார் மேலும் இல்லை.

நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

கூடைப்பந்துக் கிளப்பில் நான் பிசியோதெரபிஸ்ட். எல்லோரும் பிசியோ என்றே கூப்பிடுவார்கள். உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறை; ஆள் படுக்க ஒரு நீள மேசை, ஒரு ஐஸ் பெட்டி, எப்போதும் வலி ஸ்பிரேயின் நெடி. உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரனின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு காந்த வில்லை ஒட்டியிருக்கும். பச்சை என்றால் ஆடலாம், சிவப்பு என்றால் கூடாது. அவற்றை மாற்றும் உரிமை எனக்கு மட்டும்தான். கோச் உள்ளே வருவார், பலகையைப் பார்ப்பார், போய்விடுவார். ஏன் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மச்சினன் ஒரு காப்பீட்டு ஆபீஸில் வேலை பார்க்கிறான். அங்கே சிலர் சேர்ந்து ஃபேன்டஸி லீக் நடத்தினார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நிஜத்தில் ஆடுகிறவர்களில் இருந்து ஆளுக்கொரு கற்பனை அணியைக் கைபேசியில் அமைத்துக்கொள்வோம். அவர்கள் நிஜ மைதானத்தில் போடும் கூடைகளுக்கு இங்கே நமக்குப் புள்ளி. ஆள் ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்தால் பூஜ்யம். ஒருமுறை எடுத்த ஆளை எத்தனை வருடமானாலும் வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் இன்னொருவருடன் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பைசா கைமாறாத ஆட்டம். ஆகையால் இதில் பேராசை எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் பெயர் வாங்கிய ஆட்களாகப் பார்த்து எடுத்தார்கள். நான் மீசை முளைத்தும் முளைக்காத பையன்களாக எடுத்தேன். ஒரு முழங்காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் அதில் இன்னும் எத்தனை ஓட்டம் மிச்சம் என்று எனக்குத் தெரியும். பெயர் வாங்கியவர்களின் கால்கள் தேய்ந்த செருப்பு மாதிரி. பளபளப்பாகத் துடைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இளசுகளை நம்பி, பொறுத்திருந்து, அவர்களைச் சுற்றி அணியைக் கட்ட வேண்டும் என்பது என் கொள்கை. இதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

முதல் வருடம் கடைசி இடம். இரண்டாம் வருடமும் அதே. என் பையன்களை அவரவர் கிளப்பில் யாரும் ஆடவிடவில்லை.

"மாமா, இது டீம் இல்ல, நர்சரி ஸ்கூல். மூக்கு ஒழுகுதா, பால் குடிச்சாங்களான்னு பாத்துக்கறதுக்கே உங்களுக்கு நேரம் பத்தாது போலயே" என்றான் மச்சினன்.

ஆபீஸ்காரர்களுக்கு இது போதும். என் அணிக்கு நர்சரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் புள்ளிகள் வந்ததும் யாராவது ஒருவர் பால்புட்டிப் படம் அனுப்புவார். நானும் சிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தப் படங்களை என் மனைவியிடம் காட்ட, அவளும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அன்று எனக்கு வலித்தது. எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் கிளப்பிலேயே ஒருவன் என் கற்பனை அணியில் இருந்தான். குருவி. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஆள் ஆறடிக்கு மேல். ஓரிடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டே இருப்பான் என்பதால் அந்தப் பெயர். வயது பத்தொன்பது. அப்பா இல்லை, அம்மா தையல் வேலை செய்து வளர்த்தவர். அவன் காலைப் போல ஒரு காலை என் மேசையில் நான் பார்த்ததே இல்லை. என் அணியை முழுக்க முழுக்க அவனைச் சுற்றித்தான் கட்டியிருந்தேன். ஆனால் அவன் ஆட வேண்டிய இடத்தில் தாத்தா ஆடிக்கொண்டிருந்தார்.

தாத்தா என்றால் முப்பத்துமூன்று வயது. கூடைப்பந்தில் அது தாத்தா வயதுதான். அணித்தலைவர், தங்கமான மனுஷர். ஒரு நாள் என் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "அண்ணே, குதிகாலுக்கு மேல சுருக் சுருக்குனு இழுக்குது. காலைல எந்திரிச்சா தரையில கால் வைக்க முடியல" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். குதிகாலின் தசைநாண் ஓரிடத்தில் தடித்து, கொழகொழவென்று இருந்தது. அப்படி இருந்தால் இரண்டு மாதம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. ஓடினால் அறுந்துவிடும். இரண்டு மாத ஓய்வு என்று சொன்னாலே குருவிக்கு இடம் கிடைத்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைத்திருக்கும். ஆனால் தாத்தா திரும்பி வந்துவிடுவார். பையன் மறுபடி பெஞ்சுக்குப் போய்விடுவான். இளசுகளை அப்படித்தான் பாழாக்குகிறார்கள்.

"ஒண்ணும் இல்ல, ஆடலாம்" என்றேன்.

இரண்டாவது ஆட்டத்திலேயே அறுந்தது. பக்கத்தில் யாரும் இல்லாமல், தானாகவே விழுந்தார். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். என் கையைப் பற்றிக்கொண்டு, "முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அறுவை சிகிச்சை செய்தும் அவரால் பழையபடி ஓட முடியவில்லை. இப்போதும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

அதற்குப் பிறகு குருவி பிய்த்து உதறிவிட்டான். அடித்ததெல்லாம் கூடைக்குள் போனது. நர்சரி கடைசி இடத்திலிருந்து மளமளவென்று ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. பால்புட்டிப் படம் நின்றுபோனது. மச்சினன் சாப்பாட்டு மேசையில் ராகத்தை மாற்றிக்கொண்டான்.

"மாமா, குருவிய மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. பதிலுக்கு என் டீம்ல எந்த ரெண்டு பேர வேணாலும் எடுத்துக்கங்க."

"என் உயிரைக் கேளு, தரேன். அவனக் கேக்காத" என்று சொன்னேன். என் மனைவி, "இந்தப் பொழப்புக்கு ரெண்டு பேரும் கோலி விளையாடலாம்" என்றாள். எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் அவை. மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு குருவி என் அறைக்கு வந்தான். தயங்கித் தயங்கி வாசலிலேயே நின்றான்.

"சார், கால் எலும்புல ஒரே எடத்துல வலிக்குது. ஆடும்போது மட்டும்தான் இருந்துச்சு. இப்ப படுத்தாலும் வலிக்குது."

மேசையில் உட்காரவைத்தேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம், ஒரு காசு அளவு இடம். அங்கே விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். என்னிடம் ஓர் இசைக்கவை உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் தட்டி ஒலி கேட்போமே, அதுதான். அதைத் தட்டி எலும்பின்மேல் வைத்தால், உள்ளே விரிசல் இருக்கிறவன் அந்த அதிர்வைத் தாங்க மாட்டான். வைத்தேன். குருவி பல்லைக் கடித்துக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்தான். எலும்பில் விரிசல், நன்றாக ஆழமாகவே. மூன்று மாதமாவது ஓய்வு வேண்டும். இதோடு ஆடினால் முறியும்.

மேடம், அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில், என் அணி என்ன ஆகும் என்ற நினைப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்தேதான் வந்தன. எது முதலில் வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"என்ன சார், பெருசா ஏதாவதா?"

"ஒண்ணும் இல்லடா, ஆடலாம். சதைப் பிடிப்பு. கட்டுப் போட்டு விடறேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பயந்தே போயிட்டேன் சார்" என்றான். என் காலைத் தொடக் குனிந்தான். வேண்டாம் என்று தோளைத் தட்டி அனுப்பினேன்.

அன்று மாலையே மச்சினனைக் கூப்பிட்டு, குருவியைத் தருகிறேன் என்றேன். பதிலுக்கு அவனிடமிருந்த இரண்டு பையன்களைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது, நல்ல எலும்பு. மச்சினன் கைபேசிக்குள்ளேயே கூத்தாடினான்.

எங்கள் லீகில் ஒரு விதி உண்டு. ஆள் மாற்றத்துக்கு இரண்டு பேரும் சம்மதித்தாலும் அது உடனே உறுதியாகாது. இரண்டு நாள் தொங்கலில் இருக்கும். அதற்குள் அந்த ஆட்டக்காரனுக்குக் காயம் என்று செய்தி வந்தால், வாங்குகிறவர் விலகிக்கொள்ளலாம். யாரும் யார் தலையிலும் அடிபட்ட ஆளைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. அதைக் கொண்டுவந்ததே நான்தான். ஆகவே சனிக்கிழமை மாலை வரை குருவிக்குக் காயம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. சனிக்கிழமை மாலை எங்களுக்கு ஆட்டமும் இருந்தது. பலகையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தேன். கோச் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கூடைப்பந்து ஆட்டம் நான்கு பகுதிகளாக நடக்கும். முதல் மூன்று பகுதிகளும் குருவி நன்றாகவே ஆடினான். இடைவேளைகளில் மட்டும் அந்தக் காலை ஊன்றாமல் நின்றான். மூன்றாம் பகுதி முடிந்த இடைவேளையில் என் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. மாற்றம் உறுதியாகிவிட்டது, குருவி இனி மச்சினனின் ஆள். கோச் என் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். நான் குருவிக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான்காம் பகுதி முடியப்போகிற நேரத்தில், எகிறிக் குதித்து இறங்கும்போது அந்தக் கால் இரண்டாக மடிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவன் அலறவில்லை. தன் காலை யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போனேன். புண்ணில் சீழ் வைத்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, காலைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். நான் உள்ளே போனபோது அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கற தைரியத்துலதான் சார் நான் நிக்கிறேன்" என்றார். குருவி, "அடுத்த சீசனுக்குள்ள சரியாயிடும்ல சார்?" என்று கேட்டான். ஆகிவிடும் என்றேன்.

தாத்தாவும் அங்கேதான் இருந்தார், ஒரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு. பையனிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"வலி மொதல்லயே இருந்துச்சாடா?"

"இருந்துச்சுண்ணே. சார் பாத்தாரு. ஒண்ணும் இல்ல, ஆடலாம்னாரு."

தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு" என்றார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். புகார் அவர் கொடுத்ததுதான் என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். அவர்மேல் வருத்தம் இல்லை.

மறுநாள் குருவியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை மச்சினன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"இத்தன நாளு கெஞ்சினேன், தரல. வியாழக்கிழமை நீங்களாவே கூப்பிட்டீங்க. தெரிஞ்சேதான் குடுத்தீங்களா மாமா?"

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. துணிமணிகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் தம்பியோடு கிளம்பிப் போனாள். வாசலில் அவன் திரும்பி, "என்னை ஏமாத்திட்டீங்க" என்றான். அவ்வளவு நீளமான வாயிலிருந்து அன்று வந்தது அவ்வளவுதான்.

நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாளைப் படித்துப் பார்த்தேன். தாத்தாவின் நாண் அறுந்துபோகும் என்று தெரிந்தே ஆடவிட்டேன், உண்மை. குருவியின் எலும்பில் விரிசல் இருப்பது தெரிந்தே பச்சை வைத்தேன், உண்மை. மூன்றாம் பகுதி முடிந்தபோது தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை, அதுவும் உண்மை. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். கடைசியில், மச்சினனை ஏமாற்றினார் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம்.

விதிப்படி, காயச் செய்தி வந்தது மாற்றம் உறுதியான பிறகுதான். உறுதியான அடுத்த நிமிடமே கோச்சிடம் போய்ச் சொல்லியிருந்தால் மச்சினன் என்னை என்னவென்று நினைத்திருப்பான்? அதற்காகத்தான் பையனை இன்னும் ஒரு பகுதி ஆடவிட்டேன்.