நாடி யாருடைய பாடம்?

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ வந்திருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் தடயவியல் வாத்தியாராகவே தலை நரைத்தவன் நான். ஒரே கட்டடத்தில் கைரேகை அம்மாள் ஒரு தீவு, இரத்தக்காரர் ஒரு தீவு, நஞ்சுக்காரர் ஒரு தீவு. ஒருவர் வகுப்பு வாசலை இன்னொருவர் மிதித்தால் உலகப் போர். மூவரும் சேர்ந்து, ஒரே அறையில், ஒரே கொலையைப் பாடமாக நடத்த வேண்டும் என்று கத்திக் கத்தி என் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். துறைத்தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் என் மனைவியின் தம்பி.

நான் ஓய்வு பெற்றதுதான் தாமதம், அதே யோசனையைத் தன் பெயரில் அறிவித்தார். வாழ்த்தப் போனேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னேன்: "எதையும் தொடுறதுக்கு முன்னாடி நாடி பாக்கச் சொல்லிக் குடுங்க மாப்பிள்ளை."

"அத்தான், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. இனிமே இதுல மூக்க நுழைக்காதீங்க. சும்மா இருக்க முடியலன்னா நாற்காலி, தண்ணி எடுத்து வைங்க."

வைத்தேன்.

முதல் வகுப்பில் பிணமாக நடித்தவரும் அவரே. அந்தப் பெருமையை இன்னொருவருக்கு விட்டுவிடுவாரா? படுக்கும் முன் தண்ணீரைக் குடித்தார். அதில் தூக்க மருந்து இருந்தது, கொஞ்சம் தாராளமாக. ஆனாலும் யாராவது நேரத்தோடு மணிக்கட்டைத் தொட்டிருந்தால் பிழைத்திருப்பார். நான் எப்போதுமே சுலபமான கேள்விதான் கேட்பேன்.

கைரேகை அம்மாள் மேசையோடு ஒட்டிக்கொண்டார். இரத்தக்காரர் சிவப்புச் சாயத் துளிகள் எங்கிருந்து தெறித்தன என்று நூல் பிடித்துப் பார்த்தார். நஞ்சுக்காரர் அந்தத் தம்ளரையே உறையில் போட்டு சீல் வைத்து, "இத அடுத்த வாரம் லேப்ல பாப்போம்" என்றார்.

"சார் என்னமா நடிக்கிறாரு! மூச்சு விடுறதே தெரியல" என்றாள் ஒரு மாணவி.

"உடம்பு யாரு பாடம்?" என்றார் இரத்தக்காரர்.

"என்னுது இல்லப்பா" என்றார் நஞ்சுக்காரர்.

"யாரும் தொடாதீங்க. ரேகை போயிடும்" என்றார் அம்மாள்.

இப்போது அந்த மூன்று தீவுகளும் தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடம் எழுதுகின்றன. முதல் பாடமே நாடி. இத்தனை வருடத்தில் துறைக்கு இவ்வளவு நல்லது வேறு யார் செய்தார்கள், சொல்லுங்கள்.

நானே தொட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை, அது நிற்கும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் மூக்கை நுழைக்காதே என்று சொல்லியிருந்தாரே, ஐயா. துறைத்தலைவர் பேச்சை நான் என்றைக்கும் மீறியதில்லை.