முந்நூத்திப் பதினொண்ணு

மன்னிப்பா? கேக்க மாட்டேண்ணே. வேணும்னா மைக்க நீங்களே வெச்சுக்கிட்டு என் சார்பா கேட்டுக்குங்க. டூர் கூட்டிட்டு வந்தவரு நீங்கதானே. நாப்பது பேரு அரை மணி நேரம் பஸ்ல எனக்காக உக்காந்திருந்தீங்க, தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மணிக்கூண்டுல படி முந்நூத்திப் பதினொண்ணு. பன்னெண்டு இல்ல. அத மட்டும் மாத்திச் சொல்ல மாட்டேன்.

உக்காருங்கண்ணே, ஏன் நிக்கறீங்க. என் ரூம்காரி கோவிச்சுக்கிட்டு முன் சீட்டுக்குப் போயிட்டா, எடம் காலிதான்.

சண்டையா? நான் எங்க சண்டை போட்டேன்? கைடுதான் கீழ நின்னு, இந்த ஊருக்கு அறுநூறு வயசு, கூண்டுக்கு முந்நூத்திப் பன்னெண்டு படின்னு மனப்பாடமா ஒப்பிச்சாரு. வாசல்ல பித்தளைத் தகட்டுலயும் அதே எண்ணிக்கை. நான் பாட்டுக்கு எண்ணிக்கிட்டே ஏறுனேன். நீங்கல்லாம் பாதியில மூச்சு வாங்கி, சும்மா நிக்கறது தெரியக்கூடாதுன்னு போட்டோ எடுத்தீங்களே, அப்பவும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். உச்சிக்குப் போனா ஒண்ணு கொறையுது. சரி, நாமதான் விட்டுட்டோம்னு எறங்கும்போதும் எண்ணுனேன். அதே கொறச்சல். ஆமா, வாசப்படியும் சேத்துதான். அவருகிட்ட மரியாதையாத்தான் சொன்னேன். சிரிச்சுட்டு, ஒரு படியில என்ன வந்துடப் போகுதுன்னாரு.

அதான் மறுபடி ஏறுனேன்.

கிறுக்குன்னு பின்னாடி பேசிக்கறது எனக்கும் கேக்குது. பேசட்டும். பார்வையாளர் நோட்டுல எழுதிட்டுத்தான் வந்தேன், பேரு, காலேஜு, போன் நம்பர் எல்லாம் போட்டு. தகட்ட மாத்துங்கன்னு. மாத்தலன்னா அடுத்த லீவுக்கும் வருவேன்.

இல்லண்ணே, கட்டடம் படிக்கறதால வந்த பழக்கம் இல்ல. அது தலைகீழ். இந்தப் பழக்கத்தாலதான் கட்டடமே படிக்க வந்தேன். எங்கம்மா சித்தாளு. தலையில செங்கல் இருக்கும்போது குனிஞ்சு கால பாக்க முடியாது, கழுத்து அசைஞ்சா மொத்தமும் சரிஞ்சுடும். அதனால எண்ணித்தான் ஏறுவா. எத்தனாவது படியில திரும்பணும், எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரிய வேணாம், காலுக்குத் தெரியணும்பா. ஸ்கூல் லீவுல நானும் கூடப் போவேன். சாப்பாட்டு நேரத்துல வெறுந்தலையோட என்னக் கூட்டிட்டு ஏறி எண்ணச் சொல்லுவா. தப்பாச் சொன்னா மறுபடி கீழருந்து. அவளே எம்பின்னாடி ஏறி வருவா, சிரிச்சுக்கிட்டு.

இத்தன வருஷமா அந்தப் படியில யாருக்கும் ஒண்ணும் ஆகலியேங்கறீங்க. ஆகாதுண்ணே. கைய வீசிக்கிட்டு, கால பாத்து ஏறறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எண்ணிக்கைய நம்பி ஏறறவங்களுக்குத்தான் ஆகும்.

மைக்க நீட்டாதீங்க, சொல்லிட்டேன். குடுத்தீங்கன்னா படிக் கணக்கத்தான் சொல்லுவேன், அப்புறம் நாப்பது பேரும் உங்களத்தான் திட்டுவாங்க.

அடுத்த டூருக்கு அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா? அவ வர மாட்டாண்ணே. நான் ஆறாவது படிக்கும்போது, புதுசா எழும்பிக்கிட்டிருந்த ஒரு மாடி. அன்னிக்குத்தான் அந்தப் படிக்கட்டுல மொதத் தடவ ஏறுறா. மேஸ்திரி கீழ நின்னு, படி எல்லாம் போட்டாச்சு, இருபத்தொண்ணு, ஏறுன்னு குரல் குடுத்தாரு. அவரு கையில இருந்த பிளான்ல இருபத்தொண்ணுதான். போட்டது இருபது. கடைசிப் படி இருக்க வேண்டிய எடத்துல வெத்து வெளி. வெயில்ல மயக்கம் வந்து விழுந்துட்டான்னு எழுதி எங்கப்பாகிட்டக் கைநாட்டு வாங்கிட்டாங்க.

மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ சரியாத்தான் எண்ணுனா.