ஆன் பண்ண மறந்துடுவேண்ணே

இல்லண்ணே, நான் என்ன கொலைக் குத்தமா பண்ணிட்டேன்? டீசல் போடுங்கம்மான்னு தானே கேட்டேன். அதுக்கு அந்தம்மா குழாயக் கையில புடிச்சுக்கிட்டு, "மொதல்ல பின்னாடி ஓடுற கூலிங் மிஷின நிறுத்துங்க"ங்கிறாங்க. நிறுத்த மாட்டேன்னேன். "அப்ப டீசல் கெடையாது"ன்னு சொல்லிட்டு உங்க டாங்குல குழாயச் செருகிட்டு, அதோ பாருங்க, ஸ்டூல்ல உக்காந்து நெகம் வெட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்குப் பின்னாடி நிக்கிற வண்டிக்காரன் ஹாரன் மேல படுத்தே தூங்கிட்டான் போல. படுக்கட்டும்.

நீங்க நல்லவரு. வந்தீங்க, எறங்குனீங்க, டக்குனு மிஷின அணைச்சீங்க. ஒரு வார்த்தை பேசல. உள்ள என்ன, மீனா? மூக்கே சொல்லுது. நான் ஏத்தியிருக்கிறது ஐஸ்கிரீம்ணே. மீனாச்சும் கொஞ்சம் பொறுத்துக்கும், ஐஸ்கிரீமுக்கு மானம் ரோஷம் ஜாஸ்தி. ஒருதடவை எளகிடுச்சுன்னா திரும்ப எவ்வளவு குளிர வச்சாலும் பழைய முகம் வராது. மேல மொறுமொறுன்னு பனி கட்டிக்கும், உள்ள மணலு மாதிரி ஆயிடும். வாங்குறவங்க டப்பாவத் தொறந்து ஸ்பூன வச்சுப் பாத்தாலே கண்டுபுடிச்சுருவாங்க.

அதச் சொல்லித்தான் அந்தம்மாகிட்ட வாதாடுனேன். ரெண்டு விதமாவும் பேசிப் பாத்தேன். டீசல் என்ன பெட்ரோலாம்மா, பொசுக்குனு பத்திக்கிறதுக்குன்னேன். "அந்த மிஷினும் ஒரு இன்ஜின் தானே, அதோட புகைக்குழாய் கொதிச்சுக்கிட்டு இருக்கு, பக்கத்து பம்புல பெட்ரோல் வண்டி நிக்குது, கண்ணு தெரியலையா"ன்னாங்க. சரி, ஐஸ்கிரீம் உருகிடுமேன்னேன். "கதவத் தொறக்காம வச்சா டீசல் போடுற நேரத்துல ஒண்ணும் ஆகாது, உள்ள குளிரு எங்கயும் ஓடிப் போயிடாது"ன்னாங்க. அதுவும் சரிதான். எனக்கும் தெரியும். நானே புது டிரைவருங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். அப்புறம் ஏன்யா நிறுத்த மாட்டேங்கிறேன்னு கேளுங்க.

நீங்க கேக்கல. பரவால்ல, நானே சொல்றேன்.

மிஷினு மேல சந்தேகம் இல்லண்ணே. இந்த பெட்ரோல் பங்க் மேலயும் இல்ல. என் மேல தான் எனக்குச் சந்தேகம். நிறுத்துனேன்னு வைங்க, திரும்ப ஆன் பண்ண மறந்துடுவேன். சும்மா சொல்லல. அப்படி ஒரு மண்டை எனக்கு. பள்ளிக்கூடத்துலேந்து பொண்ணக் கூட்டிட்டு வரச் சொன்னா, வழியில சோப்பு, பல்பு எல்லாம் வாங்கிட்டு நல்ல பிள்ளையா வீட்டுக்கு வந்து நின்னேன். என் வீட்டுக்காரி வாசல்ல நின்னு எனக்குப் பின்னாடி எட்டிப் பாக்குறா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஓஹோ, மெழுகுவத்தி வாங்கச் சொன்னாளோன்னு தோணுச்சு.

போன வருஷம் வெண்ணெ லோடு. இதே மாதிரி ஒரு பங்க். அணைச்சேன், டீசல் போட்டேன், டீ குடிச்சேன், பாட்டப் போட்டுக்கிட்டு ஜாலியாப் போனேன். என்னடா இன்னிக்கு வண்டி இவ்வளவு அமைதியா போகுதுன்னு ஒரு சந்தோஷம் வேற. போய் எறக்குற எடத்துல கதவத் தொறந்தா, தரை பூரா வழுக்குது. எறக்க வந்த ஆளு உள்ள ஒரு காலு வச்சாரு, அப்படியே அந்தக் கோடி வரைக்கும் போயி நின்னாரு. அன்னிலேந்து எங்க சொந்தத்துல என் பேரே போச்சு. சகலை பொண்ணு, அரை டிக்கெட்டு, அது கூட "வெண்ணெ சித்தப்பா"ங்குது. அதட்டவும் முடியல, என்ன பொய்யா சொல்லுது?

சகலைன்னா என் வீட்டுக்காரியோட அக்கா புருஷன். இந்த வண்டியெல்லாம் அவரோடது தான். முதலாளி வேற ஆளா இருந்தா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிருப்பான். இவரு கிழிக்கல. அதுதான் பெரிய தொல்லை. நேத்து கூப்பிட்டு உக்கார வச்சு, காப்பி எல்லாம் கொடுத்து, "இது ஒண்ணு தான் கடைசி. லோடு கெட்டாலும் சரி, சாயங்காலம் லோடு எறக்குற எடத்துல கேட்ட மூடுனதுக்கு அப்புறம் போய் நின்னாலும் சரி, அப்புறம் நீ வண்டியத் தொடவே கூடாது, உள்ள உக்காந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டு"ன்னுட்டாரு. அந்த லேபிள் ஒட்டுற எடத்துக்கு மேற்பார்வை யாரு தெரியுமா? என் வீட்டுக்காரி. சிரிக்காதீங்கண்ணே. அவ நல்லவ தான். வேலையில சுத்தம். கோணலா ஒட்டுனா உரிச்சு மறுபடி ஒட்டச் சொல்லுவா, புருஷன்னு பாக்க மாட்டா.

ஆனா அது இல்லண்ணே விஷயம். எனக்கு இந்த சீட்டு வேணும். வீட்டுல ஒரு மண்ணும் உருப்படியா பண்ணத் தெரியாதவன் நான். இதுல ஏறி உக்காந்தா மட்டும் கை காலு எல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. ரிவர்ஸ்ல ஊசி நுழைக்கிற எடத்துல ட்ரெய்லர நுழைப்பேன். அந்த மிஷினு சத்தம் இருந்தாத்தான் தூக்கமே வரும். லீவு நாள்ல வீட்டுல தூக்கம் வராம, சமையக்கட்டுல பழைய ஃப்ரிட்ஜ் பக்கத்துல பாய விரிச்சுப் படுக்குறேன்னா பாத்துக்கங்க. தண்ணி குடிக்க வர்றவங்க எல்லாம் என்ன மிதிச்சுட்டுத்தான் போறாங்க.

மறக்காம இருக்க வழி பண்ணாம இல்ல. வெரல்ல நூல் கட்டுனேன். கொஞ்ச நேரம் கழிச்சு, எவன்டா இத கட்டுனதுன்னு அவுத்துப் போட்டேன். உள்ளங்கையில எழுதுனேன். டீசல் கைன்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். போன்ல அலாரம் வச்சேன், அது அடிச்சுது, மாத்திரைக்குன்னு நெனச்சு ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துட்டேன். கடைசியா வீட்டுக்காரியே போன் பண்ணி ஞாபகப்படுத்துறேன்னு சொன்னா. பண்ணவும் செஞ்சா. ஆனா எடுத்ததும் பால்காரன் விஷயமா ஒரு சண்டை ஆரம்பிச்சுது பாருங்க, ரெண்டு பேருமே மிஷின மறந்துட்டோம்.

இதோ, உங்களுக்கு ஆயிடுச்சு. அந்தம்மா என் பக்கம் வர்றாங்க. என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா? மாத்த மாட்டீங்க. சரி.

அண்ணே, ஒரு ஒத்தாசை. கெளம்பிடாதீங்க. உங்களப் பாத்தா நிதானமான ஆளாத் தெரியுது. நான் இப்ப அணைக்கிறேன். டீசல் போட்டு முடிச்சதும், "டேய், ஆன் பண்ணுடா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அது வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. டேய்னே சொல்லுங்க, தப்பில்ல, வீட்டுல எல்லாம் அப்படித்தான்... இந்தா, அணைச்சுட்டேன். அணைச்சுட்டேம்மா, போடுங்க. அய்யய்யோ, எவ்வளவு அமைதி.

வாட்சப் பாக்காதீங்க, என் டாங்கு சின்னது தான். நீங்க உங்க வண்டிக்குள்ள வேணா ஏறி உக்காருங்க, நான் இந்தப் படியில நின்னுக்கிறேன். மீன் எங்க போகுது? ஓ, எனக்கு நேர் எதிர்த் திசை. அதுசரி, நீங்க எப்படிண்ணே மறக்காம இருக்கீங்க? பழக்கமா? பணம் கட்டுனதும் நேரா மிஷினு கிட்ட போயிடுவீங்க, நடுவுல எதுவும் பேச மாட்டீங்க. பாத்தீங்களா, அதுதான் ஒழுங்குங்கிறது. நான் நடுவுல பேசிடுறேன். எங்கம்மா சொல்லும், பொறக்கும்போதே அழுகையில ஆரம்பிச்சு இன்னும் வாய மூடலடான்னு... இன்ஜின ஏண்ணே ஸ்டார்ட் பண்றீங்க? சரி சரி, ஏசிக்கா. வெயிலு தான்.

ஆச்சாம்மா? ஆச்சு. அண்ணே, சொல்லுங்க. சொல்லுங்கண்ணே அந்த வார்த்தைய. ...ஆங்! போதும், தலையாட்டுனதே போதும். இதோ ஓடுறேன், நேரா ஸ்விட்ச்சுக்குத்தான், வேற எங்கயும் பாக்கல... போட்டேன். கேக்குதா? அடடா, அடடா, என்ன இனிமையா ஒறுமுது பாருங்க. லைட்டு பச்சையில எரியுது. அண்ணே, உங்க புண்ணியத்துல என் சீட்டு பொழைச்சுது, வாங்க ஒரு டீ...

கெளம்பிட்டாரா? சொல்லாமக் கொள்ளாம? பரவால்ல, போயிட்டு வாங்கண்ணே, நல்லா இருங்க. தங்கமான மனுஷன். ஏம்மா, பாத்தீங்களா, இவ்வளவு நேரம் பொறுமையா...

ஏம்மா. அந்த ட்ரெய்லர்ல பச்சை லைட்டு எரியலையே.

அவரு ஆன் பண்ணவே இல்லையா? நீங்க பாக்கலையா? நானா... நான் தான் படியில நின்னு மறிச்சுக்கிட்டு இருந்தேன், அவரு எங்க எறங்குவாரு. அண்ணே. அண்ணே, மிஷினு! அண்ணே, மீனு! நில்லுங்கண்ணே. கண்ணாடியில பாக்குறாரும்மா, என்னப் பாக்குறாரு... அய்யோ, பாத்துட்டு வேகமாப் போறாரே. மறுபடி பேச வர்றேன்னு நெனச்சுட்டாரு. பின்னாடி போன் நம்பர் எழுதியிருக்கு, சேறு அப்பிக் கெடக்குது, ஒரு எழுத்துத் தெரியல.

இல்லம்மா, நான் போறேன். பாவம்மா அந்த மனுஷன். வெண்ணெ உருகி நான் நின்ன மாதிரி அவரு போயி நிக்கணுமா? அங்க கேட்ட மூடுனா மூடட்டும். நகருங்க, குழாய எடுங்க.

ஹலோ... சகலை, நான் தான். எடுத்ததும் கத்தாதீங்க. லோடு கல்லு மாதிரி இருக்கு. இல்ல, மறக்கல, ஆன் பண்ணிட்டேன், போன வெளிய நீட்டுறேன், கேட்டுப் பாருங்க... ஆனா கேட்ட மூடுறதுக்குள்ள போய்ச் சேர மாட்டேன். எதிர்த் திசையில போறேன். ஒரு மீன் லாரியப் புடிக்கணும். குடிக்கல சகலை, சத்தியமா இல்ல. அவரு மிஷின ஆன் பண்ணாமப் போயிட்டாரு, உள்ள அவ்வளவு மீனும் நாறிடும். தெரியும்... தெரியும், லேபிள் தானே, நாளைக்கே வந்து ஒட்டுறேன்... எப்படி மறந்தாரா? ரொம்ப ஒழுங்கான மனுஷன் தான். பக்கத்துல ஒருத்தன் வாய மூடாமப் பேசிப் பேசியே மறக்கடிச்சுட்டான்.

எவன் அந்தக் கூறுகெட்டவன்னா கேக்குறீங்க... நான் தான் சகலை.