ஒரே சாடை

— நூத்தம்பது ரூபா. அதுக்குக் கீழ ஒரு பைசா கொறையாது அக்கா. கோடை விழா அன்னிக்கு இதே மாதிரிப் படத்தை முந்நூறுக்கு வித்தவன் நான்.

— எடுத்தது சோப்பு டப்பா மாதிரி ஒரு கேமரா. அதுக்கு நூத்தம்பதா?

— சோப்பு டப்பான்னு சொல்லாதீங்க. பெரிய கேமராவைக் கண்டா நாய் கொரைக்கும். இதைக் கண்டா பேசாம போஸ் குடுக்கும். ஆனா எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. கார்டுல இருக்கா, அழிச்சிட்டேனான்னே தெரியல. நாய்க் கண்காட்சில எந்தப் போட்டி? ஓட்டமா, உடுப்பா?

— எசமானும் நாயும் ஒரே சாடையா இருக்கணும்னு வச்சாகளே, அது. நாங்க பூம்பாறை. வீட்டுக்காரரு குமாரவேல். நாய் பேரு சேனாதிபதி. மூணாவது பரிசு.

— ஏயப்பா, அவரா! இடது காது மடங்கின ஆளு! நாய்க்கும் அதே காது. ஜட்ஜம்மா பேரைக் கூப்பிட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பிப் பார்த்தாங்க. சத்தியமா சொல்றேன், முதல் பரிசு அவருக்குத்தான் வந்திருக்கணும். அந்தச் சென்னைக்காரம்மா தனக்கும் நாய்க்கும் ஒரே பார்லர்ல முடி சுருட்டிட்டு வந்து அடிச்சிட்டுப் போயிருச்சு.

— அது கெடக்கட்டும். படம் இருக்கான்னு பாருங்க தம்பி.

— பார்க்கிறேன், பார்க்கிறேன். இது கூலிங் கிளாஸ் போட்ட நாய்... இது பட்டு வேட்டி கட்டின நாய்... இது நாய் இல்ல, எங்க மாமனார்... அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே! பார்த்த சந்தோசத்துல இருநூறே குடுத்திருப்பாரு.

— அவரு இல்ல.

— வெளியூரா?

— காட்டுமாடு குத்திருச்சு. பன்னெண்டு நாளாச்சு. வெள்ளனே ரெண்டு பேருமா பூண்டுத் தோட்டத்துக்குப் போனாக.

— அக்கா...

— படம் அவரு போன்லதான் இருந்துச்சு. அதையும் மாடு மிதிச்சிட்டுப் போயிருச்சு. ம், வெரசாத் தேடுங்க. மூணரைக்கு பஸ்சு.

— காசு கீசு எதுவும் வேணாம் அக்கா. இருந்தாப் போதும் சாமி... இருக்கு! அக்கா, இருக்கு! இந்தா பாருங்க.

— ம். அவருதான்.

— உக்காருங்க. ஒரு டீ சொல்றேன்.

— வேணாம். பன்னெண்டு நாளா வர்றவுக எல்லாரும் டீதான் குடுக்காக.

— கையில ரிப்பனோட எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க.

— பரிசாக் குடுத்த நாய் பிஸ்கட்டைச் சேனாதிபதி மோந்துகூடப் பார்க்கல. இவருதான் ஒரு வாரம் டீயில முக்கித் தின்னாரு.

— முகம் தெளிவா விழுந்திருக்கு அக்கா. பெருசு பண்ணிருவோம். கூட்டத்தை எடுத்துட்டுப் பின்னாடி நீல வானம் போட்டுர்றேன். பதினாறாம் நாளுக்கு மாலை போட்டு வச்சா ஆளு அப்படியே எதுக்க இருக்கிற மாதிரி இருக்கும். தோள்கிட்ட இந்த நாய்தான் மூக்கை நீட்டுது. அதை வெட்டிர்றேன்.

— நாயை வெட்டாதீங்க.

— மாலை போடுற படத்துல நாய் நல்லாவா இருக்கும்?

— மாலை போட ஆதார் கார்டு படம் இருக்கு. இதுல அவரை வெட்டிருங்க. அந்த மடங்கின காது நல்லாத் தெரியணும். நாயை மட்டும் முப்பது காப்பி போடுங்க.

— அண்ணனை வெட்டவா! எதுக்கு அக்கா?

— பஸ் ஸ்டாண்டுலயும் செக்போஸ்ட்டுலயும் ஒட்டணும். அன்னிக்கு வீட்டை விட்டுப் போனது ரெண்டு உசுரு தம்பி. ஒண்ணைப் பொதைச்ச எடம் எனக்குத் தெரியும். இன்னும் ஒண்ணு பாக்கி.