சாட்சி சொன்ன பிறகு

ஞாயிறு மதியம் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் தங்கை, சபைப் போதகர். ஆண்டவரையும் சேர்த்தால் நான்கு. டீ போட்டது நான். போதகருக்குச் சர்க்கரை இல்லாமல்.

பதினோரு வருடம் குடித்தவன் நான். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. நடுங்குகிற கையை நம்பி ஊரே மேலும் கீழும் போய்வந்தது. ஒரு பிற்பகல் சபையின் கடைசி பெஞ்சருகே மண்டியிட்டேன். எழுந்தபோது குடி போயிருந்தது. இன்றுவரை தொட்டதில்லை. விடுதலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

தங்கை தையல்காரி. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. தினம் இரண்டு வேளை மாத்திரை. அவளும் விசுவாசிதான், ஆனால் மாத்திரையை விடமாட்டாள்.

"உன் குடிக்கு ஆண்டவர் மட்டும் போதும்ணா. என் மண்டைக்கு டாக்டரையும் அவர்தான் அனுப்பியிருக்காரு."

நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள், "சரி, நிறுத்திட்டேன், ஆளை விடு" என்றாள். அதை நம்பித்தான் அந்த ஞாயிறு காலை ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன்: நாற்பது நாளாக மாத்திரை இல்லை, என் தங்கை சுகமாகிவிட்டாள். சபையே கைதட்டியது. அவள் தலைகுனிந்திருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

டீ குடிக்கும்போதுதான் போட்டு உடைத்தாள். ஒரு வேளைகூட நிறுத்தவில்லையாம்.

போதகர் கோப்பையை வைத்தார். "தம்பி, மாத்திரையை நிறுத்துங்கன்னு நான் எப்பவாவது சொன்னேனா? அடுத்த வாரம் எழுந்து, அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிடுங்க. யாரும் தலையை வாங்கிட மாட்டாங்க."

"இவரு எங்க சொல்லப்போறாரு ஐயா, நானே சொல்லிடுறேன்" என்று தங்கை சிரித்தாள்.

போதகர் ஜெபித்துவிட்டுப் போனார். நான் யோசித்தேன். சாட்சியைத் திரும்பப் பெற்றால் ஆண்டவருக்கு அவமானம். அதை உண்மையாக்கிவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அவளை அறையில் வைத்துப் பூட்டினேன். உள்ளேயே குளியலறை உண்டு. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன்.

கத்தினாள். எங்கள் வீட்டில் சத்தமாக ஜெபிப்பது அக்கம்பக்கத்துக்குப் பழகிய விஷயம். நானும் கதவுக்கு வெளியே நின்று கூடவே ஜெபித்தேன்.

புதன் காலை பத்து மணிக்கு முதல் வலிப்பு. பதினொன்றுக்குள் உயிர் போயிருக்கும் என்று பிரேதப் பரிசோதனையில் உங்கள் போலீஸ் டாக்டர் எழுதியிருப்பது சரிதான். இடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்; சின்ன வயதிலிருந்தே செய்வதுதான். தெளிந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு கடிபட்டிருந்தது.

"அண்ணா, நீ சொன்ன மாதிரியே சபையில சொல்லிடுறேன். மாத்திரை இல்லாமத்தான் சுகமானேன்னு. ஒண்ணே ஒண்ணு குடு."

மாத்திரை என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் ஆண்டவர் பேரில் பொய் சொல்ல என் தங்கையை நான் எப்படி விடுவேன்? அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். அடுத்த வலிப்பு வருவது அவள் கண்ணில் தெரிந்தது. வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். பூட்டினேன்.