மாலைக்கு அடியில் இருந்த வயர்

புல் வெட்டும் வண்டி கிளம்பவில்லை என்றால் ஆளாளுக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்வார்கள். நான் இழுக்க மாட்டேன். முதலில் பெட்ரோல் இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிறகு பிளக்கைக் கழற்றுவேன். ஈரமாக இருந்தால் துடைத்து வெயிலில் வைப்பேன். கரி பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அதற்கும் மசியாவிட்டால் கார்பரேட்டரைப் பிரிப்பேன். நம்ம ஊர்ச் செம்மண் புழுதி அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். பொறுமையாகப் பார்த்தால் எந்த வண்டியும் தன் கோளாறைத் தானே சொல்லிவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா.

பூசைக்கு நிறுத்திவைத்த வண்டி எப்படித் தானாகக் கிளம்பியது என்று அன்றைக்குக் கேட்டீர்கள். விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். அது தானாகக் கிளம்புகிற வண்டி இல்லை.

தண்டாயுதபாணி செட்டியார் மலாயாவில் ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பியபோது, உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் இந்தப் பழைய வண்டியையும் கப்பலில் ஏற்றிவந்தார். காரைக்குடிக்கு வெளியே பங்களா கட்டினார். குடிக்கவே தண்ணீர் தேடுகிற பூமியில் புல்தரை போட்டார். பணக்காரர் வீம்பு, நமக்கென்ன. நான் அப்போது பஸ் ஷெட்டில் மெக்கானிக். கூப்பிட்டனுப்பி, "பூமிநாதா, இனி இது ஒம் பொறுப்புப்பா" என்றார்.

பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே காலம் தள்ளியவன் நான். அந்த வண்டியின் இருக்கை இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் எனக்கு அது பெரிய உயரம். கண்டரமாணிக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்க்காமலே தெரியும், எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று. சிரிக்காதீர்கள்.

அந்த வண்டியில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. எஞ்சின் தண்டின் அடிமுனையிலேயே கத்தியை மாட்டியிருப்பார்கள். நடுவில் கிளட்ச் எதுவும் இல்லை. எஞ்சின் சுற்றினால் கத்தி சுற்றும். கத்தியைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சுற்றும். சாவியும் கிடையாது. பிளக்கின் மேல் இருக்கிற தகட்டை அழுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். அதனால் கத்திப் பக்கம் கை போகுமுன் பிளக் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். சூடான எஞ்சின் என்றால் கத்தியை ஒரு தள்ளுத் தள்ளினாலே பிடித்துக்கொள்ளும்.

ஆயுத பூசைக்குக் காருக்கு முகப்பில் பொட்டு வைப்பார்கள். புல்லு வண்டிக்கு ஆயுதமே கத்திதான் என்று, அதற்குப் பொட்டு வைக்கும் வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். முன்பக்கத்தைத் தூக்கிச் செங்கல் கொடுத்து, கையை உள்ளே விட்டு ஒரு முனையில் வைப்பேன். பிறகு கத்தியைத் தள்ளி மறுமுனையைக் கைக்குக் கொண்டுவந்து அதிலும் வைப்பேன். வண்டியை ஓட்டுகிறவன் கையால்தான் வைக்க வேண்டும். அந்தச் சட்டமும் என்னுடையதே.

இந்த வருடம் பூசைக்கு முதல் நாள் செட்டியார் சொன்னார். "ஒனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிருதுங்கிற. நீ ரிப்பேர மட்டும் பாரு. நாளைக்குச் செம்மலையே பொட்டு வைக்கட்டும்."

செம்மலை பங்களாக் கார் டிரைவர். என் தங்கை முத்தழகின் புருசன். அந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டவனும் நான்தான். பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் துடைத்து வைக்க, அவன் ஏறி உட்கார்வான். ராத்திரி சோறு இறங்கவில்லை.

பூசையன்று காலையில் வெட்டவேண்டிய புல் எதுவும் இல்லை. இருந்தும் ஒரு சுற்று ஓட்டினேன். அப்படியே கொண்டுவந்து போர்டிகோவில் நிறுத்தினேன். வழக்கமாக மூடும் பெட்ரோல் குழாயை மூடவில்லை. வயரைக் கழற்றினேன். செங்கல் கொடுத்தேன்.

"வயரக் கழட்டிட்டீகளா மச்சான்?" என்று செம்மலை கேட்டான். வருடா வருடம் பார்த்தவன்தானே.

"கழட்டியாச்சு மாப்ள."

அது பொய் இல்லை. அப்போது கழற்றித்தான் இருந்தது. அவன் சந்தனக் கிண்ணம் எடுக்க உள்ளே போனான். நான் வயரை மாட்டி, அதன் மேல் செவ்வந்தி மாலையைப் போட்டேன்.

பயம் காட்டத்தான் நினைத்தேன். எஞ்சின் ஒரு உறுமல் உறுமினால் கையை இழுத்துக்கொள்வான், அந்த வண்டிப் பக்கமே இனி வரமாட்டான் என்று நினைத்தேன். எஞ்சின் உறுமினால் அதே நொடியில் கத்தி சுற்றுமே, அது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். சற்று முன்னால் உங்களுக்குச் சொன்னவனே நான்தான். தெரியும்.

அவன் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மாலையை இழுத்தெறிந்து தகட்டை அழுத்தி நிறுத்தியவன் நான். என் துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவனும் நான். ஊரே என்னை மெச்சியது. முத்தழகு ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நீக இல்லேன்னா அவுக உசுரு தங்கியிருக்காதுண்ணே" என்று அழுதாள். காலை அவள் கையிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் எனக்குத் தூக்குவாளியில் சோறு அனுப்புகிறாள். அதைத் தின்ன முடியவில்லை, ஐயா. நான் வந்தது அதனால்தான்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. இரண்டாம் தடவை அவன் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. ஒரு முனையில் பொட்டு வைத்துவிட்டு, கத்தியைத் தள்ளும் முன் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான்.

"தள்ளு மாப்ள, நாந்தான் பக்கத்துல இருக்கேன்ல" என்றேன்.