விழுகிற ஆள்

மதுரை சிம்மக்கல்லில் காலை எட்டு மணிக்குள் லாரியிலிருந்து மூட்டையை இறக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் வழியை அடைத்துக்கொள்ளும். தலையில் சுமையோடு நடுரோட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டது ஒன்று, இவன் எழுதுவது ஒன்று என்று நினைக்க வேண்டாம். நான் செய்த காரியத்துக்கு வேண்டிய படிப்பெல்லாம் எனக்கு இந்த வேலையில்தான் கிடைத்தது.

மூட்டை தூக்குகிறவனைப் பத்து நடை பார்த்தால் எனக்குப் போதும். எந்த முழங்கால் நோகிறது, எந்தத் தோள் இறங்கிப்போயிருக்கிறது, முந்தின நாள் எவ்வளவு குடித்தான் எல்லாம் தெரிந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே நான் நாற்பத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டேன். ஆளைப் படிப்பது அதற்கு வெகுகாலம் முன்னாலேயே வந்துவிட்டது.

என் மகன் சிவபாண்டி குத்துச்சண்டைக்காரன். இடது கைக்காரன். அந்தக் கையைக் காலேஜில் படிக்கும்போதே எல்லாரும் மெச்சினார்கள். நான் மூட்டை இறக்குகிற கடையின் முதலாளி அசோக்குமார், அவனைக் காசுக்கு ஆடுகிற சண்டையில் இறக்கினார். முதலாளிக்கு உசிலம்பட்டி ரோட்டில் மனை விற்கிற தொழிலும் உண்டு. ரோடு நெடுக போர்டு வைத்தார். சிவபாண்டி கையுறையை மடக்கிக்கொண்டு நிற்பான். கீழே ‘தோல்வி அறியாத மண்’ என்று எழுதியிருக்கும்.

காசுக்கு ஆடும் சண்டையில் எதிராளியைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதில்லை. பேசி முடிப்பார்கள். பணம் போடுகிறவர் சொல்கிற ஆள்தான் வருவான். அந்த ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தபோது முதலாளி சொன்னது ஒரே வார்த்தைதான்.

“ஆண்டிச்சாமி, பாக்கப் பயில்வான் கணக்கா இருக்கணும். ஆனா விழுகுற ஆளா இருக்கணும். அம்புட்டுத்தேன்.”

நான் தேடிக் கொடுத்தேன். ஒருத்தனுக்குத் தோள் முன்னமே கழன்று சேர்ந்தது. ஒருத்தனுக்கு மூச்சு ரெண்டு நிமிசத்துக்கு மேல் நிற்காது. இன்னொருத்தன் காலையிலேயே குடிக்கிறவன். சண்டைக்கு முன்னால் எடை பார்க்கிற இடத்தில் எல்லாரும் கம்பீரமாகத்தான் நின்றார்கள். ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருத்தனிடமும் நான் விழச் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் அது ஏமாற்று.

ஒன்பது பேரை ஜெயித்ததும் சிவபாண்டிக்கு ஒரு ஆசை வந்தது. திண்டுக்கல்லில் மருது என்று ஒருத்தன் இருக்கிறான். நிசமான சண்டைக்காரன். அவனோடு மோத வேண்டும் என்று முதலாளியிடமே போய்க் கேட்டான். நானும் கூட நின்றேன்.

“தம்பி, மருதுகூட விட்டா கூட்டம் வரும். இல்லேங்கல. நீ தோத்துப்போனா அந்தப் போர்டைக் காட்டி நான் யார்கிட்ட மனை விக்க?”

“தோத்தா தோத்துட்டுப் போறேண்ணே. ஒரு தடவ நல்ல ஆளோட நின்னு பாக்கணும்.”

“பத்து முடியட்டும். சென்னை டிவிக்காரங்க பத்துன்னுதேன் கேட்டிருக்காங்க. அப்பறம் உன் இஷ்டம்.”

வெளியே வந்து என் பையன் என்னிடம், “அப்பா, இந்தத் தடவையாவது நல்ல ஆளாக் கொண்டாங்க,” என்றான். சரி என்றேன். எனக்கு மருதுவைத் தெரியும். அவன் அடித்தால் தாடை பேர்ந்துவிடும். பெற்ற பிள்ளையை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்த எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?

நல்லகாமன் எங்கள் வரிசையில் நாலாவது கடையில் மூட்டை தூக்கினான். உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன், முப்பத்தி நாலு வயது. வாலிபத்தில் ஜில்லா அளவில் குத்துச்சண்டை ஆடி மெடல் வாங்கியவன். மார்பும் கையும் செதுக்கி வைத்தது போல் இருக்கும். குடோனுக்குள் நுழையும்போதெல்லாம் அவனுடைய வலது தோள் நிலைக்கதவில் இடிக்கும். எதற்கு இடிக்கிறது என்று மற்றவர்கள் யோசித்ததில்லை. நான் பத்து நடை பார்த்தேன். வலது கண்ணில் பார்வை இல்லை.

கண்ணைப் பற்றிக் கேட்டதும் ஒத்துக்கொண்டான். கருவேலமுள் குத்தி நாலு வருசம் ஆச்சாம். லாரிப் பலகையில் ஏற விடமாட்டார்கள் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மகள் பவதாரிணியை நர்சிங் சேர்க்க வேண்டும், அதனால் சண்டைக்கு வருகிறேன் என்றான்.

“கண்ணு பாப்பாகளேண்ணே, டாக்டரு?”

“அத நான் பாத்துக்கிறேன்.”

கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில்தான் சண்டைக்காரர்களுக்குச் சர்ட்டிபிகேட் வாங்குவோம். அங்கே சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருக்கும். நல்லகாமனுக்கு எழுத்துத் தெரியாது. நான் அந்த அட்டையை செல்போனில் படம் எடுத்து வந்து, மத்தியானச் சோற்று நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து வரிசை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். மேலே ட. அடுத்து ப, ர. அதற்கடுத்து க, ய, ம. எட்டு நாளில் கடைசி வரிசைவரை மனப்பாடம் ஆகிவிட்டது.

“அண்ணே, பள்ளிக்கூடத்துல இம்புட்டுப் பொறுமையாச் சொல்லிக் குடுத்திருந்தா நான் கலெக்டரால்ல ஆயிருப்பேன்.”

“நீ கலெக்டராயிட்டா இந்த மூட்டையெல்லாம் எவன்டா தூக்குறது?”

சிரித்துக்கொண்டே எழுந்து போனான். தோள் நிலையில் இடித்தது.

கிளினிக்கில் இடது கண்ணைப் பொத்தச் சொன்னார்கள். குச்சியால் தொட்டது ஒன்றுமே தெரியாத அவன், குச்சி அட்டையில் தட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே வரிசைப்படி சரியாகச் சொல்லி முடித்தான். பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் மேல் குற்றமில்லை.

எதிரே நிற்கிறவனின் இடது கை நமக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். ஐயாவுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தான் அவனை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்தில் சண்டை. நல்லகாமனின் சம்சாரம் முத்துத்தாயும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பார்க்கிறாள் என்பதால் அவன் ரொம்ப நன்றாக ஆடினான். முதல் ரவுண்டில் சிவபாண்டி இரண்டு தடவை கயிற்றில் சாய்ந்தான். என் பையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பார்த்ததில்லை. நல்ல ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்திருப்பான்.

இரண்டாவது ரவுண்டில் இடது கை வேலை செய்ய ஆரம்பித்தது. நாலு குத்து. நாலும் ஒரே இடம், வலது நெற்றிப்பொட்டு. நல்லகாமன் ஒன்றுக்குக்கூடக் கை தூக்கவில்லை. தூக்கத் தெரியாதவன் இல்லை. வருவது தெரியவில்லை. ஆனாலும் விழவில்லை. மணி அடித்ததும் என் பையன் மூலைக்கு வந்து உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது.

“அப்பா, அவருக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியல போல. நிறுத்தச் சொல்லுங்க.”

நான் எதிர் மூலையைப் பார்த்தேன். நல்லகாமன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி மகளைத் தேடிக்கொண்டிருந்தான். நடுவரைக் கூப்பிட ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அரை நிமிசம் இருந்தது.

“எல்லாம் தெரியுது. நடிக்கிறான். போய் முடிச்சுவிடு,” என்றேன்.

என் பையன் சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டினதில்லை. மூன்றாவது ரவுண்டில் முடித்துவிட்டான். நல்லகாமன் விழுந்தபோது அவனுடைய பின்மண்டை பலகையில் பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மூளைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரி வாசலில் முத்துத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்ணு பாத்து, டாக்டரு பாத்துத்தானேண்ணே எறக்கி விட்டாக?” என்று கேட்டது. பார்த்துத்தான் விட்டார்கள் என்றேன்.

போர்டில் இருந்த படத்தை முதலாளி எடுத்துவிட்டார். சிவபாண்டி இப்போது வலது கையால்தான் சாப்பிடுகிறான், வலது கையால்தான் கதவைத் திறக்கிறான். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். முந்தாநாள் தானாகவே ஸ்டேசனுக்கு வந்து, “அவருக்குக் கண்ணு தெரியலேன்னு தெரிஞ்சும் அடிச்சேன், நான்தேன் கொன்னேன்,” என்று ஐயாவிடம் எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆளை எடுத்தது நான். அட்டையை மனப்பாடம் பண்ண வைத்தது நான். நிறுத்தச் சொன்னவனைத் திருப்பி அனுப்பியதும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. கையெழுத்தும் நானே போடுகிறேன். விரல் ரேகை வேண்டியதில்லை.

ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுதல். இந்தத் தாளைச் சிவபாண்டிக்கு மட்டும் காட்ட வேண்டாம். நான் எப்படிப்பட்ட ஆட்களாகப் பொறுக்கிக் கொண்டுவந்தேன் என்று தெரிந்தால் அவன் மனசு விட்டுப்போகும். பத்தும் தன் கையால் ஆனதென்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.